பயிருக்குள் ஆளில்லை

நெல் வயலில் பேய்க்கதை நிற்காது. சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் தை மாதத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். பிசானப் பயிர் கதிர் வாங்கி முற்றிச் சாய்கிற காலத்தில்கூட இடுப்புக்கு மேல் வருவதில்லை. நாலு வயல் தள்ளி நாரை இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். வரப்பில் நல்லபாம்பு கிடக்கும், அதற்கு எல்லோரும் பயப்படுவார்கள். அது தெரிந்த பயம், கம்பால் தட்டிக்கொண்டே நடந்தால் விலகிப்போகிற பயம். ஓர் ஆள் மறைந்து நிற்க நெல்லில் இடம் கிடையாது.

தாமிரபரணி ஆற்றை விட்டு வடக்கே ஏறினால் கதை வேறு. மானூர் தாண்டிச் சங்கரன்கோவில் பக்கமும், கிழக்கே கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று விரிகிற கரிசலிலும் ஆளை மறைக்கிற பயிர்கள்தான் காலங்காலமாக விளைந்தன. சோளம் ஒன்றரை ஆள் உயரம் போகும். கம்பும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே நுழைந்த மாடு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இருந்தும் இந்தப் பக்கத்துப் பேய்க்கதைகளில் சோளக்காடு பயத்தின் வீடாக வருவதில்லை. பேய் புளியமரத்தில் இருக்கும், பாழுங்கிணற்றில் இருக்கும், சுடுகாட்டிலும் குளத்து மடைப்பக்கத்திலும் ஒற்றைப்பனை அடியிலும் இருக்கும். விளைந்து நிற்கிற பயிருக்குள் அது குடியேறவில்லை. ஏன் என்கிற கேள்வி என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்கிறது. அமெரிக்கப் பேய்க்கதைகளையும் பேய்ப்படங்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மக்காச்சோளக் காடு என்றாலே முதுகு சில்லிடும் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அங்கே அந்தப் பயத்துக்கு அழுத்தமான உருவம் கொடுத்தவர் ஸ்டீபன் கிங். 1977இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் தி கார்ன்' என்ற சிறுகதை நெப்ராஸ்கா மாநிலத்தில் நடக்கிறது. காரில் போகிற கணவனும் மனைவியும் ஒரு சிற்றூருக்குள் வருகிறார்கள். ஊரில் பெரியவர்கள் யாரும் இல்லை. பிள்ளைகள் அவர்களைக் கொன்றுவிட்டு, பயிர் வரிசைகளுக்குப் பின்னால் நடமாடுகிற ஏதோ ஒன்றைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். வயது வந்ததும் தாங்களும் பயிருக்குள் நடந்துபோய்ப் பலியாக வேண்டும் என்பது அவர்கள் நியதி. 1984இல் அது படமாக வந்தது, அதன் வாலாகப் பல படங்கள் வந்தன. 2002இல் மனோஜ் நைட் ஷியாமளன் 'சைன்ஸ்' எடுத்தபோது, பென்சில்வேனியாவில் ஒரு பாதிரியாராக இருந்தவரின் சோளக்காட்டுக்குள் வேற்றுக்கிரகத்தார் இறங்கினார்கள். ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், அவர் தாய் தமிழர். அவரும் பயத்தை வைக்க இடம் தேடியபோது பென்சில்வேனியாச் சோளத்துக்குத்தான் போனார்.

கிங்கின் கதையில் என்னை உறைய வைத்த இடம் கொலையோ ரத்தமோ கிடையாது. ஓடி ஒளிகிற கணவன் பயிருக்குள் நின்று சுற்றிலும் பார்க்கிறான். ஒரு களை இல்லை. நோய் விழுந்த இலை ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு பயிர் இயற்கையில் இருக்க முடியாது என்று அவனுக்குப் புரிகிற கணத்தில்தான் கதையின் குளிர் ஏறுகிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நெப்ராஸ்காவின் மண்ணுக்கும் ஒரு முன்கதை உண்டு. மக்காச்சோளத்தைத் தாய் என்று கும்பிட்டு, தலைமுறைகளாக அதைப் பயிரிட்டு வாழ்ந்த பானி என்ற பழங்குடியினரின் நிலம் அது. 1862இல் வந்த குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று வெள்ளைக் குடியேறிகளுக்கு நிலத்தைக் கொடுத்தது. 1870களில் பானி மக்கள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். அதற்குப் பிறகு எந்திரம் வந்தது, களைக்கொல்லி வந்தது, பண்ணைகள் பெருத்தன, பண்ணைக்காரர்கள் குறைந்தார்கள். இன்று அமெரிக்காவில் சுமார் ஒன்பது கோடி ஏக்கரில் மக்காச்சோளம் நிற்கிறது. அத்தனை பெரிய பயிருக்குள் மனிதக் குரல் கேட்பது அபூர்வம். அந்த நாட்டு எழுத்தாளனுக்கு அங்கே பெயரில்லாத ஏதோ ஒன்று நடமாடுவதாகத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன? அங்கே இருந்தவர்களின் பெயர்கள் முன்பே துடைக்கப்பட்டிருந்தன.

நம் பக்கம் ஆளுயரப் பயிர் ஆரம்பத்திலிருந்தே வேறு உணர்ச்சிக்கு உரியதாக இருந்திருக்கிறது. குறிஞ்சித் திணையின் தினைப்புனம் காதலின் இடம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் சொல்வது, தினைப்புனம் காக்கப் போன பெண் ஒருத்தி அங்கே ஒருவனைச் சந்தித்த கதைதான். பரண் மேல் இருந்து கிளி ஓட்டுகிற பெண்களின் குரல் அந்தக் கதிர்களுக்கு மேல் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. யானை வரும், பன்றி வரும், இருட்டில் வருகிற காதலனுக்கு வழியெல்லாம் ஆபத்து. ஆனால் அச்சம் வழியில் இருந்தது, பயிருக்குள் இருந்தது மனிதர்கள்.

வள்ளி கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். தினைப்புனத்தில் தனியாக இருக்கிற பெண். அந்நியன் ஒருவன் வேடனாக வருகிறான், பிறகு கிழவனாக வருகிறான். கடைசியில் திடீரென்று யானை ஒன்று எதிரே வந்து நிற்கிறது. தனிமை, உயர்ந்த பயிர், முன்பின் அறியாத உருவம் என்று வேறொரு நாட்டில் அப்படியே பேய்க்கதை ஆகியிருக்கக்கூடிய எல்லாமும் இதில் உண்டு. நம் கதையில் அந்த யானை அண்ணன் விநாயகன். பயந்து ஓடிய வள்ளி கிழவனைப் போய்க் கட்டிக்கொள்கிறாள், கதை கல்யாணத்தில் முடிகிறது. பயிருக்கு நடுவே வந்த பயத்தைக்கூடக் காதலுக்குத் துணையாக்கிக்கொண்ட மக்கள் நாம். குற்றாலத்து மலைச்சாரலை மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியபோதும் அந்தச் செழிப்புக்குள் குரூரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

சங்கப் பாட்டில் நெஞ்சு நடுங்கும் இடம் பாலை. வழிப்போக்கர்களைக் கொன்று கல்லும் தழையும் போட்டு மூடிய பதுக்கைகள் கிடக்கிற வெட்டவெளி அது. ஒன்றும் விளையாத நிலம், யாரும் காவல் இல்லாத நிலம். அன்று தொடங்கிய கணக்கு திருநெல்வேலிச் சீமையில் இன்றுவரை மாறவில்லை என்று நினைக்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு உச்சியில் தனியாகப் போகாதே என்று பெரியவர்கள் தடுத்தது வேலை நடக்கிற காட்டுக்கு இல்லை, ஆளரவம் அடங்கிய பொட்டலுக்குத்தான். கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு வயற்காட்டு வேலையாட்களுக்குக் கொண்டு போகிற பெண் தூக்குச்சட்டிக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டுக்கொள்வாள். அந்தக் கரி ஊர் எல்லையிலிருந்து காடு போய்ச் சேருகிற வரைக்கும்தான் காவல். ஆட்கள் களை வெட்டுகிற இடத்தை எட்டிவிட்டால் பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்வார்கள்.

இங்கே பேய் என்றால் அதற்குப் பெயர் உண்டு. ஊர் உண்டு, சாதி உண்டு, செத்த விதம் உண்டு. வில்லுப்பாட்டுக்காரர்கள் வெட்டுப்பட்ட வாதை என்று ஒரு வகை சொல்வார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டு, அந்த ஆத்திரத்தோடு தெய்வமானவர்கள். 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், சாவைச் சொல்கிற கதைகளுக்குத்தான் கோவில் கொடைவிழாவில் உக்கிரம் அதிகம் என்று கண்டார். கோவிலில் உட்கார்ந்து கேட்ட யாருக்கும் இது அனுபவமாகத் தெரியும். வீசுகோல் வில்லின் நாணில் விழுந்து மணிகள் குலுங்க, குடமும் உடுக்கும் சேர்ந்து வேகம் பிடிக்க, கதையில் அந்த ஆள் வெட்டுப்படுகிற வரி வருகிற நேரத்தில்தான் கூட்டத்தில் ஒருவருக்குத் தோள் துடிக்கும். அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஆடுவார்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் இருக்கிற பட்டவராயன் அப்படி ஒருவர். முத்துப்பட்டன் என்ற பிராமணன், பொம்மக்கா திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணந்து, அவர்கள் தகப்பனைப் போலவே செருப்புத் தைத்து மாடு காத்தவன். கிடையைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான், பெண்கள் தீயில் இறங்கினார்கள். ஆடி அமாவாசைக்கு மலையேறி வருகிற கூட்டம் அவனுக்குத் தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திராவிட்டால் மலைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்கு இந்த மண் பட்ட கடன் பெரியது.

சீவலப்பேரியில், சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற இடத்துக்கு அருகே இருக்கிற சுடலைமாடன் பிறப்பால் தெய்வம். பார்வதியின் மடியில் விழுந்த விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, சுடுகாட்டுப் பிணம் தின்றதால் கைலாயத்தை விட்டு அனுப்பப்பட்டவன். சுடலைக்குக் கொடை நடக்கிற ஊர்களில் நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போகும். சல்லடம் கட்டி, குல்லா வைத்து, ஒரு கையில் தீப்பந்தமும் ஒரு கையில் வல்லயமுமாகச் சாமியாடி ஊரைத் தாண்டிச் சுடுகாட்டுக்கு ஓடுவார். எதிரே யாரும் வரக்கூடாது. வீட்டுக் கதவுகள் சாத்தியிருக்கும். மேளம் நின்றுவிடும். அவர் திரும்பி வருகிற வரைக்கும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இதைவிட அச்சமான அரைமணி நேரத்தை எந்தத் திரைப்படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடிந்ததும் அதே மாடன்தான் வெள்ளாமைக்குக் காவல். அவனை நம்பித்தான் களத்தில் கதிரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

வெள்ளைக்காரனையும் இந்தக் கணக்கு விடவில்லை. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைக் கரையைப் பிடிக்கிற சண்டையில் காயம்பட்டுச் செத்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனைத் திருநெல்வேலியின் மணல்காட்டில் புதைத்தார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்து மக்கள் அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள் என்று இடையன்குடியில் இருந்த கால்டுவெல் எழுதிவைத்திருக்கிறார். மிஷனரியான அவருக்கு அது பேய் வழிபாடு. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அந்நிய மண்ணில் வலியோடு செத்த ஒருவனுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து, அதைக் கொண்டுபோய் வைத்த மனிதர்களின் செயல் அது. தெரியாத பயத்தை அவர்கள் தெரிந்த ஒருவனாக மாற்றிக்கொண்டார்கள். பகைவனாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எழுத்திலும் இந்தப் போக்கைப் பார்க்கலாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராம'த்தை 1976இல் எழுதினார். அதில் காதில் கிடக்கிற நகைக்காகக் கர்ப்பிணி ஒருத்தியைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒரு கள்ளன். சாகிற பெண் அவன் கால் கட்டைவிரலைக் கடித்த கடியை விடவில்லை. கரிசல் இலக்கியத்தில் அதைவிடப் பயங்கரமான காட்சி எனக்கு நினைவில்லை, அது நடப்பது குடிதண்ணீர்க் கரையில். பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு ஓடுகிற பையனுக்குக் காடும் புதரும் அடைக்கலம். துரத்தப்படுகிறவனுக்கு மறைப்பு என்பது உயிர். உள்ளே என்ன ஒளிந்திருக்குமோ என்று சாலையில் நிற்கிறவனுக்குத்தான் அது பயம். நெல்லைக்காரரான புதுமைப்பித்தன் 1943இல் 'காஞ்சனை' எழுதியபோது பயத்தைப் பட்டணத்து வீட்டுக்குள் வேலைக்காரியாகக் கொண்டுவந்தார். தமிழ்ப் பேய்ப்படங்கள் பிறகு அந்த வீட்டைப் பங்களா ஆக்கிக்கொண்டதோடு சரி, வெளியே வரவில்லை. ஆனாலும் 2011இல் வந்த 'காஞ்சனா'வில் பேயாக வருவது நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. வணிகப் படத்தில்கூடப் பேய்க்கு ஒரு பெயரும் ஒரு வழக்கும் இருந்தே தீர வேண்டும் என்பது நம் பார்வையாளர்களின் எதிர்பார்ப்பு.

உயரப் பயிரில் உண்மையான பயம் இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு. மழை தவறி வாடி நிற்கிற குருத்துச் சோளத்தை மாடு மேய்ந்தால் கொஞ்ச நேரத்தில் விழுந்து செத்துப்போகும். கரிசல் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கை அதுதான். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத்தோட்டங்கள் பகலிலும் இருண்டவை. பசித்த பிள்ளை ஒரு பழத்தைப் பறித்துத் தின்றதற்காக அடிபடுகிற காட்சியை மாரி செல்வராஜ் 2024இல் 'வாழை' படத்தில் காட்டியபோது அந்த இருட்டுக்குக் காரணம் யார் என்பது தெளிவாகவே தெரிந்தது. வாழைத்தார் சுமந்து வளைகிற பிஞ்சுக் கழுத்துக்குப் பயம் பேயிடம் இல்லை, தோட்டத்துக்காரரிடம்.

இப்போது மக்காச்சோளத்துக்கு வருகிறேன்.

தூத்துக்குடி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் நாட்டுச்சோளமும் கம்பும் பருத்தியும் இருந்த இடத்தை, என் கண்ணெதிரேயே மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் மழையை நம்பி விதைத்தால் தை மாதத்தில் வீட்டுக்கு வருகிற பயிர். கோழித்தீவன ஆலைக்காரர்கள் நாமக்கல்லிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், மாவுச்சத்து ஆலைகளுக்குப் போகிறது. கையில் ரொக்கம் வருகிறது. வானம் பார்த்த பூமியில் கடனோடு மல்லுக்கட்டுகிறவரிடம் போய், ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அந்தப் பயிருக்குள் ஒருநாள் நடந்து பாருங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி முக்கால் அடி. மார்கழியில் தலைக்கு மேல் பூங்கொத்து விரிந்துவிடும். இலையின் ஓரம் அரம் மாதிரி, சட்டை போடாத கையில் கோடு கோடாகக் கீறும். காற்றே இல்லாவிட்டாலும் காய்ந்த அடியிலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை, ஒரே உயரம். விதை ஒட்டுவிதை என்பதால் செடிக்குச் செடி வித்தியாசம் கிடையாது. காலடியில் பார்த்தால் ஒரு களை இல்லை. விதைத்த மூன்று நாளுக்குள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளித்துவிடுகிறார்கள், களை முளைப்பதே இல்லை. கிங்கின் நாயகன் நெப்ராஸ்காவில் நின்று திடுக்கிட்ட அதே சுத்தம்.

நாட்டுச்சோளக் காட்டில் இந்தச் சுத்தம் இருந்ததில்லை. சோளத்தின் ஊடே தட்டாம்பயறும் பாசியும் படர்ந்திருக்கும். சுக்கங்காயும் வெள்ளரியும் தேடிப் பிள்ளைகள் உள்ளே திரிவார்கள். களையெடுக்க வருகிற பெண்கள் வரிசை போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். பால் பிடிக்கிற பருவத்தில் பரண் போட்டுத் தகரம் தட்டிக் குருவி விரட்டுவார்கள். கதிர் அறுக்க ஒரு நாள், தட்டை அறுக்க ஒரு நாள், கட்டித் தூக்கிப் படப்பில் ஏற்ற ஒரு நாள் என்று அந்த நிலத்தில் ஏதாவது ஒரு காரணத்துக்கு ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். உயரமான பயிர் நம்மைப் பயமுறுத்தாமல் இருந்ததற்கு வள்ளி காலத்திலிருந்தே இதுதான் காரணம். உள்ளே இருந்து வந்தது தெரிந்த குரல்.

அந்தக் குரல்கள் இப்போது இல்லை. களைக்கொல்லி பெண்களை வீட்டுக்கோ, நூறுநாள் வேலைக்கோ, தீப்பெட்டி ஆலைக்கோ அனுப்பிவிட்டது. அறுவடைக்கு எந்திரம் வருகிறது. உரம் வைத்த பிறகு கதிர் முற்றுகிற வரைக்கும் மருந்தடிக்கத் தவிர யாரும் உள்ளே நுழைய வேண்டியதில்லை. ஆள் நுழையாத இடத்தில் மற்றவை நுழைகின்றன.

முதலில் வந்தது புழு. அமெரிக்கக் கண்டத்தின் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த ஆண்டே நம் மானாவாரிக் காடுகளைத் தின்றது. அந்துப்பூச்சியாக இருக்கும்போது ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் தாண்டிவிடும் என்கிறார்கள் பூச்சியியலார். குருத்தை விரித்துப் பார்த்தால் மரத்தூள் கொட்டியது போல எச்சம் அடைந்திருக்கும். அதற்குள் பகலெல்லாம் பதுங்கியிருக்கும் புழுவின் தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் நாலு கரும்புள்ளி. இருட்டியதும் வெளியே வந்து தின்னும். இலைகளில் சன்னல் சன்னலாக ஓட்டை விழுந்து நின்ற அந்த ஆண்டுக் காடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிறகு காட்டுப்பன்றி. மலையடிவாரத்தைவிட்டு வெகு தூரம் தள்ளிக் கரிசலுக்குள்ளேயே ஓடைப் புதர்களில் பெருகிவிட்ட கூட்டங்கள், பால்கதிரின் வாசனைக்கு இரவில் இறங்கும். ஒரு ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகும். 2025 தொடக்கத்தில், காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு அனுமதித்தது. வனத்துறைக்காரர் வந்து சேர்கிறதற்குள் பயிர் போய்விடுகிறது. அதனால் சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றிப் பயிரைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்தில் பன்றிக் காவலுக்குப் படுக்கிற விவசாயி ஒருவரிடம் கேட்டேன். "ராத்திரி இந்தப் பயிருக்குள்ள நடந்து வரப் பயமா இருக்காதா அண்ணாச்சி?"

"பேய்க்கு என்ன தம்பி பயம், அது நம்மூரு ஆளுதான. பக்கத்துப் பிஞ்சைக்காரன் எங்க கம்பி இழுத்திருக்கான்னு தெரியாதுல்லா, அதுக்குத்தான் பயந்து கெடக்கேன்."

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அந்தக் கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். முயல் பிடிக்கப் போனவர், கொல்லைக்கு ஒதுங்கியவர், சில இடங்களில் கம்பியைக் கட்டியவரே. யானைகளும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் இப்படித்தான் விழுந்தன. இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. விட்டு விட்டுப் பாய்கிற சூரியமின் வேலி ஆளைக் கொல்லாது, அதற்கு மானியமும் உண்டு. இரண்டு ஏக்கர் குத்தகைக்காரரிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை. செத்தவர் வீட்டில் வழக்கைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்னால், எந்தச் சாதிக்காரர் கம்பியில் எந்தச் சாதிக்காரர் விழுந்தார் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதிலேயே பல சாவுகள் அமுங்கிப்போகின்றன.

இந்த மண்ணில் முதல்முறையாகப் பயிர், உள்ளே கால்வைக்கவே மனிதர் பயப்படுகிற இடமாக மாறியிருக்கிறது. அதுவும் நிஜமான பயம். இதைச் சொல்ல, அமெரிக்கப் பேய்க்கதைகளில் எழுந்து நடக்கிற சோளக்காட்டுப் பொம்மை தேவையில்லை. நம் காட்டில் நிற்கிற சட்டிமண்டைப் பொம்மை, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, வானத்துக் குருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்கும். போகிற வருகிறவரின் கண்ணேற்றை வாங்கிக்கொள்வதற்காக நிற்கிற ஏழைப் பிறவி அது. எழுந்து வந்து யார் கழுத்தையும் நெரிக்காது. அதை எழுப்பி நடக்கவைக்கிற தமிழ்க் கதைகளைப் படிக்கும்போது, எழுதியவர் தன் ஊர்க் காட்டுக்குள் போனதே இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வரிசைகளுக்குப் பின்னால் பெயரற்ற ஏதோ ஒன்றை அலையவிடுவதும் இந்த மண்ணுக்குப் பொய். பெயரற்றது என்று இங்கே ஒன்று இருந்தால், பெயரைக் கேட்காமல் விட்டது நம் குற்றம்.

பேய்க்கதை எழுத வருகிற இளைஞர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் கதைகளைப் படியுங்கள். கோடையில் ஏதாவது ஓர் ஊர்க் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேளுங்கள். சாவை எப்படிச் சொல்ல வேண்டும், யார் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்று வில்லுப்பாட்டைப் பாடி நடத்துகிற அண்ணாவிகளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பிறகு மார்கழியில் ஓட்டப்பிடாரம், புதூர், சங்கரன்கோவில் பக்கம் போங்கள். பகலில் போங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மின்கம்பியில் செத்த எவருக்கும் நான் கேட்ட வில்லுப்பாட்டில் இன்னும் கதை இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் முதலில் பெயரை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.